எட்டாவது மாடியில் மிதந்த வீடு

ஆற்றங்கரையில் மீன்தொட்டிச் சந்து என்று ஒன்று இருந்தது. இருந்தது என்பது ஆபீஸ்காரர்கள் பேச்சு. எங்கள் பேச்சில் அது இன்றைக்கும் இருக்கிறது. எங்கே இருக்கிறது, அங்கே எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன், நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அந்தச் சந்தில் எல்லோருக்கும் மீன்தான் பிழைப்பு, தின்கிற மீன் அல்ல, பார்க்கிற மீன். ஒரு வீட்டில் கண்ணாடி அறுத்துத் தொட்டி ஒட்டுவார்கள், அடுத்த வீட்டில் கப்பியும் மோலியும் குஞ்சு போடும், அதற்கடுத்த வீட்டில் ஃபைட்டர் மீன்களை ஒன்றையொன்று பார்த்துவிடாதபடி தனித்தனி பாட்டிலில் வைத்து அட்டையால் மறைத்திருப்பார்கள், எதிர்வீட்டுக் கஸ்தூரி விடிந்ததும் சாக்கடையில் இறங்கி மீனுக்குப் புழு அரித்துக்கொண்டு வருவாள், நான், வேலாயுதம், மீனும் தண்ணீரும் போட்ட பாலிதீன் பையில் மிச்ச இடத்துக்கு சிலிண்டரிலிருந்து காற்று அடித்து, வாயைத் திருகி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பேன். நான் கட்டிய பை ரயிலேறி மதுரைக்குப் போனாலும் ஒரு சொட்டு சிந்தாது, இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

சந்து முனையில் நவமணியக்கா கடை. அவளிடம் மீன் வாங்க வருகிறவர்கள் மீனோடு திட்டும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "ஊட்டுக்குப் போனதும் கொட்டிடாத," என்பாள். "பையோட அப்படியே தொட்டியில மெதக்க வுடு. உள்ள கீற சூடும் வெளிய கீற சூடும் ஒண்ணாவணும். அப்பாலிக்கா தொட்டித் தண்ணிய ஒரு டம்ளர் பைக்குள்ள ஊத்து, பொறு, இன்னொரு டம்ளர் ஊத்து, பொறு. லைட்ட நிறுத்து, மேல துணி போடு, மொத நாள் தீனி போடாத, கண்ணாடியத் தட்டாத. மூலையில மூஞ்ச வச்சிகினு நின்னா பயந்துகினு கீதுன்னு அர்த்தம். அத்தப் போயி நோண்டாத. தானா செட் ஆவும்." வாங்கியவர் தலையாட்டுவார். பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் கொட்டித்தான் விடுவார்கள், மறுநாள் செத்த மீனோடு வந்து நிற்பார்கள், அப்போது அவள் கொடுக்கிற வசவை இங்கே எழுத முடியாது.

அவள் புருஷன் மோகனரங்கம், எங்களுக்கு ரங்கண்ணன், தொட்டி ஒட்டுகிறவர். சந்திலேயே பெரிய தொண்டை அவருடையது. கரண்ட் போனதும் "பம்ப் நின்னுச்சி, பம்ப் நின்னுச்சி, எல்லாரும் தண்ணியக் கலக்குங்க" என்று அவர் ஒரு கத்து கத்தினால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்கூடக் கையை விட்டுத் தண்ணீரைக் கலக்குவார்கள். அவர் தும்மினால் மோலி குறைப்பிரசவம் ஆகும் என்று நாங்கள் கேலி செய்வோம், அதற்கும் அவர் சத்தமாகத்தான் சிரிப்பார்.

ஆற்றை அழகாக்க வேண்டும் என்று ஒரு நாள் முடிவாகிவிட்டது. ஆற்றை யாரும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. குடியமர்த்தும் அதிகாரி சபாநாயகம் வந்தார், கோபமே வராத மனிதர், கத்தியைக்கூடத் துணியில் சுற்றிக் கொடுக்கிற பேச்சு, அவருக்குப் பின்னால் லாரிகள் வந்தன, லாரிகளுக்குப் பின்னால் இடிக்கிற இயந்திரம் வந்தது. நாங்கள் மீன்களைப் பையில் பிடித்தோம், நான் கை ஓய காற்று அடித்தேன், குழந்தைகளை மடியில் வைப்பது போல மீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் லாரியில் உட்கார்ந்தார்கள். நவமணியக்கா மட்டும் உட்காராமல் நின்றபடி, "மீனக்கூட இப்படிக் கொட்ட மாட்டோம் சார்," என்றாள். சபாநாயகம், "எல்லா வசதியும் இருக்கும்மா, போய்ப் பாருங்க, அப்புறம் நீங்களே சொல்லுவீங்க," என்றார். லாரி கிளம்பியபோது சந்து முழுக்க மண்மேடாகியிருந்தது, நவமணியக்காவின் வீடு ஒன்றுதான் நின்றுகொண்டிருந்தது, இயந்திரம் அதை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அது விழுந்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தைத் தாண்டி, ஒன்றைப் போலவே இன்னொன்றாகக் கட்டிடங்கள் நின்ற இடத்தில் எங்களை இறக்கினார்கள். ஏறிப் போய்ச் சாமான்களை வைத்தோம், மீன் பைகளை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டோம், அதன் பிறகு யாரும் யாருக்கும் சொல்லாமலே, பழக்கம் பாருங்கள், எல்லா வீட்டிலும் விளக்கை நிறுத்தினோம், ஜன்னல்களில் புடவை கட்டினோம், அடுப்புப் பற்ற வைக்கவில்லை, சாப்பிடவில்லை, சுவரில் ஆணி அடிக்கவில்லை, சத்தமாகப் பேசவில்லை. இடம் மாறினால் முதல் நாள் இப்படித்தான் என்பது எங்கள் கைக்குத் தெரியும், இது மீனுக்கா மனுஷனுக்கா என்று கை கேட்காது.

கீழே இருந்து பார்த்த ஆபீஸ்காரர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. எட்டு மாடியிலும் இருட்டு, ஜன்னலெல்லாம் துணி, ஒரு வீட்டிலும் புகை இல்லை. உண்ணாவிரதம் என்று முடிவு செய்து போலீஸ் வேனை வரவழைத்துவிட்டார்கள், வேனைப் பார்த்து மைக் பிடித்த ஒரு பையனும் வந்துவிட்டான். மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, "உங்க கோரிக்கை என்னம்மா?" என்று நவமணியக்காவைக் கேட்டான்.

"கோரிக்கையா? செட் ஆவுறோம்பா."

"அப்ப இது போராட்டம் இல்லையா?"

அவள் எட்டிக் கீழே நின்ற வேனைப் பார்த்தாள், வேனைச் சுற்றி நின்ற லத்திகளைப் பார்த்தாள். "சரி, போராட்டம்னே போட்டுக்க," என்றாள். "அதுவும் நல்லாத்தான் கீது."

மறுநாள் அடுப்பு எரிந்தது. மீன்கள் செட் ஆகிவிட்டன. நாங்களும் ஏதோ ஒரு மாதிரி ஆனோம், கஸ்தூரி எல்லோருக்கும் முன்னால் ஆனாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "உள்ள தாப்பா போட்டுக்கிற கக்கூசுக்காக நான் எத்தினி வருசமா காத்துகினு இருந்தேன் தெரியுமா? அந்த நாத்தத் தண்ணி எனக்கு வேணாம். எம் பொண்ணு காய்ச்சல்ல போனது அந்தத் தண்ணியாலதான்," என்றாள். அவள் சொன்னது நியாயம்.

ரங்கண்ணன்தான் ஆகவில்லை. வந்த அன்று உள்ளறை மூலையில் போய்ச் சுவரில் மூக்குப் படும்படி நின்றவர் அப்படியே நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், முகம் மூலையிலேயே இருந்தது. தட்டை வைத்தால் தொடவில்லை. எங்கள் எல்லோரையும் எழுப்பிய அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல் வரவில்லை, கறுத்துப் பளபளத்த அந்த உடம்பு, பழைய சட்டை சாயம் போவது மாதிரி வெளுக்க ஆரம்பித்தது. டாக்டர் டானிக் எழுதினார். ஆபீசில் சொன்னால், பழகிவிடும் என்றார்கள். நவமணியக்கா அவரைத் தொந்தரவு செய்யவில்லை, ஜன்னலை மூடி, வாதுமை இலையை ஊறப்போட்ட தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தாள், பயந்த மீனுக்கு நாங்கள் கடைசியாகச் செய்கிற வைத்தியம் அது. பிறகு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"மெதக்க வுடாம கொட்டிட்டாங்க வேலு," என்றாள். "பொழைக்க மாட்டாருடா."

அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் பயமாக இருந்தது.

வீடு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். தண்ணீர் லாரி வருகிற நேரம், எல்லோரும் குடத்தோடு கீழே ஓடிக்கொண்டிருந்தோம், கஸ்தூரி மட்டும் நின்று, நவமணியக்காவின் கதவைத் தட்டி, தபால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்வது போல, "அக்கா, உன் வூடு வந்துக்கீது," என்றாள். ஜன்னலுக்கு வெளியே, எட்டாவது மாடி உயரத்தில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, சந்து முனையில் இருந்த அதே ஒற்றை அறை வீடு, நீலச் சுவரும் வெள்ளத்தின் கறையுமாக, லேசாக ஆடியபடி மிதந்துகொண்டிருந்தது. கூரைத் தகரமும் தார்ப்பாயும் உச்சியில் ஒன்றாகத் திருகி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. யார் கட்டியது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டவில்லை, ஆனால் முடிச்சில் குறை சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டேன். உள்ளே தொட்டிகளில் பம்ப் ஓடி, குமிழ் விடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ரங்கண்ணன் மூலையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

தொட்டி வைக்கிற நீளப் பலகையை ஜன்னலுக்கு ஜன்னல் போட்டோம். அவர் பலகையில் தவழ்ந்து அக்கரை போய், தன் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு சட்டி சோற்றைத் தின்றார். நவமணியக்கா ஜன்னல் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே எங்களைப் பார்த்து, "இன்னா வேடிக்கை, போயி தண்ணி புடிங்க," என்று விரட்டினாள்.

இதில் அதிசயப்பட எங்களுக்கு நேரமில்லை. மிதக்கிற வீடு பை, பிளாக் தொட்டி, மிச்சமெல்லாம் தெரிந்த வேலை. தினம் நவமணியக்கா அந்த வீட்டுப் பானைக்குள் புது வீட்டுத் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினாள். பிறகு புது வீட்டின் சத்தங்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டோம், முதலில் கீழ்மாடிக் குழந்தையின் அழுகை, பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம், கடைசியாக, வருவதும் வராததும் தன் இஷ்டமென்று இருக்கிற லிஃப்டின் முனகல். ரங்கண்ணன் மட்டுமல்ல, செட் ஆகாத மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள், மூன்றாம் மாடியில் தூக்கம் வராத பெண், பால் குடிக்காத பிள்ளை, பரீட்சையில் எல்லாம் மறந்துபோகிற பெண், இரண்டாம் பிளாக்கில் எந்த ஆற்றங்கரையிலிருந்தோ கொண்டுவந்து கொட்டப்பட்ட, எங்களுக்கு முன்பின் தெரியாத ஜனங்கள், எல்லோரும் முறைவைத்துப் பலகை ஏறி, அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சாக்கடை வாசனையை இழுத்து மூச்சு விட்டு, திரும்பிப் போனார்கள். உள்ளே எவ்வளவு பேர் போனாலும் இடம் இருந்தது, சந்தில் இருந்தபோதும் அது அப்படிப்பட்ட வீடுதான். கீழ்வீட்டுக்காரர்கள் அதன் அடியில் கயிறு கட்டித் துணி உலர்த்திக்கொண்டார்கள். மழை வந்தால் அதற்கு நேர் கீழே கறிகாய் வண்டி ஒதுங்கி நின்றது. கஸ்தூரி மட்டும் பலகையில் கால் வைக்கவில்லை, "நாத்தம் புடிச்ச வூடு, ஆகாசத்துல வந்தும் நாறுது பாரு," என்று தினம் ஒரு தடவை ஜன்னலைச் சாத்தினாள், சாத்துவதற்கு முன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசுக்குத்தான் கஷ்டம். தரையில் வீடு கட்டினால் ஆக்கிரமிப்பு, ஆகாயத்தில் வீடு மிதந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு, கடைசியில் அதுவும் ஆக்கிரமிப்புதான் என்று நோட்டீஸ் கொண்டுவந்தார்கள், ஒட்டுவதற்குச் சுவர் எட்டாமல் கீழே யாரோ போட்டிருந்த பன்றித் தொழுவத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் பிளாக்கின் கரண்டைப் பிடுங்கி வைத்தார்கள். எங்கள் வீடுகள் இருண்டன, மிதந்த வீட்டின் குண்டு பல்பு எந்தக் கம்பத்துக் கரண்டிலோ எரிந்துகொண்டே இருந்தது, பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடியோடு முடிந்தது. கிரேன் வந்தது. கொக்கி பக்கத்தில் வரும்போதெல்லாம் வீடு வலையைக் கண்ட மீனாக ஒரு முழம் விலகியது, பிளாக்கே ஜன்னலில் நின்று கை தட்டியது, கிரேன்காரர், "இது எனக்குச் சொன்ன வேலை இல்ல சார்," என்று டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ரங்கண்ணனும் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

அதுதான் எங்கள் கவலை. அவர் பாதிதான் ஆகியிருந்தார். இந்தப் பக்கம் வந்து ஒரு டம்ளர் டீ குடிப்பார், குடித்ததும் பலகை இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார், பார்த்ததும் அந்தப் பக்கம் போய்விடுவார். உடம்பில் நிறம் திரும்பியிருந்தது, குரல் திரும்பவில்லை.

அந்த நிலைமையில்தான் சபாநாயகம் தானே எட்டு மாடி ஏறி வந்தார். இரண்டு ஆட்களும் கூட வந்தார்கள். வராந்தாவில் பிளாக்கே கூடிவிட்டது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நவமணியக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்து, ஜன்னல் வழியே அந்த வீட்டைப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் தொட்டி இருக்கும்மா," என்றார். "என் பொண்ணு ஏஞ்சல் மீன் வளக்கிறா. நீங்க சொல்ற முறையெல்லாம் எனக்கும் தெரியும். பையை மிதக்க விடணும், சரி. விட்டாச்சு. இத்தனை நாள் நான் பொறுத்தேன். ஆனா அதுக்கப்புறம் ஒரு முறை இருக்கு இல்ல? மீனை மட்டும் வலையில எடுத்துத் தொட்டியில விட்டுட்டு, பையை வெளியில போட்டுடணும். பழைய தண்ணி ஒரு சொட்டு புதுத் தொட்டியில விழக் கூடாது. சரியா?"

"சரிதான் சார்," என்றாள் நவமணியக்கா. தொழிலில் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"அதைத்தான் கேக்கறேன். அவர் இப்ப சாப்பிடறாரு, நடக்கறாரு. அவரை இந்தப் பக்கம் வர வச்சுட்டு, நீங்களே பலகையை எடுத்துட்டு வீட்டை விட்டுடுங்க. இல்லைன்னா திங்கக்கிழமை உங்க ஒதுக்கீடு ரத்தாகும். வேற இடத்துக்கு அனுப்புவாங்க. இன்னும் தள்ளி. என் கையில இல்லம்மா."

அவள் முகம் செத்துவிட்டது. எங்களுக்கும் புரிந்தது. ஒரு தடவை கொட்டிய மீனை ஒரு மாதிரி தேற்றிவிடலாம், தேறுவதற்குள் மறுபடி பிடித்துக் கொட்டினால் அதைத் தேற்ற எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. வீட்டை விட்டாலும் ரங்கண்ணன் பிழைக்க மாட்டார், இடம் மாற்றினாலும் பிழைக்க மாட்டார். பலகையின் அந்தக் கோடியில் ரங்கண்ணன் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு எல்லாம் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் நாள் குடுங்க சார்," என்றாள். அவள் கெஞ்சி நான் கேட்டதில்லை, கேட்கவே கேவலமாக இருந்தது, அவளை நினைத்து அல்ல, எங்களை நினைத்து.

"எத்தனை நாள்மா? அந்த வீட்டைப் பாருங்க, எவ்வளவு கறை, எவ்வளவு கொசு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பழைய தண்ணியில நோய் இருக்கும். அதைக் கொண்டுவந்து நல்ல இடத்துல கலக்கக் கூடாது. அதுக்காகத்தானே இவ்வளவு செலவு பண்ணி உங்களை அங்கிருந்து எடுத்தோம்?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது. கூட்டத்தில் ஒரு அசைவு, யாரோ ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள், பார்த்தால் கஸ்தூரி.

"யார சார் நோயின்ற?" என்றாள்.

"உங்களைச் சொல்லலைம்மா. தண்ணியச் சொன்னேன்."

"அந்தத் தண்ணியிலதான் சார் இடுப்பு வரைக்கும் நின்னு புழு அரிச்சேன். அந்தப் புழுவைத் துன்னுதான் உங்க ஊட்டு ஏஞ்சலு வளந்துது. எம் பொண்ணு பொறந்தது அந்தக் கரையில, செத்ததும் அந்தக் கரையில. இத்தினி வருசமா நான் அத்த நாத்தத் தண்ணின்னு திட்டிகினு கீறேன், சீக்குத் தண்ணின்னு காறித் துப்பிகினு கீறேன். நான் திட்டுவேன். எனக்கு உரிமை கீது. நீ இன்னா சார் சொல்றது?" அவள் குரல் உடைந்தது, உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது அவளுக்கு. நவமணியக்கா பக்கம் திரும்பினாள். "இன்னாக்கா பாத்துகினு நிக்கிற? ஊத்து."

"இன்னாடி சொல்ற?"

"ஊத்துன்றேன். பையோட மொத்தத்தையும் இங்கியே ஊத்து. இன்னா வருதோ வரட்டும், பாத்துக்கலாம்."

எங்கள் தொழிலில் அதைப் போல ஒரு பாவம் கிடையாது. பழைய தண்ணீரைப் புதுத் தொட்டியில் ஊற்றுகிறவனுக்கு நாங்கள் மீன் விற்கமாட்டோம். நவமணியக்கா என்னைப் பார்த்தாள், நான் கட்டுகிறவன், அவிழ்க்கிறவன் இல்லை, இருந்தாலும் தலையை ஆட்டிவைத்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். "கயிறு போடுங்கடா," என்றாள்.

துணி உலர்த்துகிற கயிறுகளையெல்லாம் அவிழ்த்து வீசினோம், ஏழாம் மாடிக்காரர்கள் கீழிருந்து தள்ளினார்கள், ஒன்பதாம் மாடி என்று ஒன்று இல்லாததால் மொட்டைமாடிக்காரர்கள் மேலிருந்து இழுத்தார்கள், கிரேனுக்கு வராத வீடு எங்களுக்கு வந்தது, வந்து பிளாக்கின் சுவரோடு உரசி நின்றது. சபாநாயகம், "அம்மா, வேணாம், யோசிங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நவமணியக்கா ஜன்னல் மேல் ஏறி, கூரையைப் பிடித்து, அந்த டியூபின் முடிச்சில் விரலை விட்டாள். அது சுலபத்தில் வரவில்லை. பல்லால் கடித்தாள். வந்தது.

முதலில் வாசனை வந்தது, சாக்கடையும் வறுத்த நெத்திலியும் கண்ணாடி ஒட்டுகிற பசையும் சேர்ந்த எங்கள் வாசனை. பின்னாலேயே தண்ணீர் வந்தது, தொட்டித் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், சந்து பார்த்த மூன்று வெள்ளங்களின் தண்ணீர், அதோடு சந்து வந்தது, வளைந்து வளைந்து வராந்தாவுக்குள் நுழைந்து, நேராக இருந்த வராந்தாவை நடுவில் வளைத்துக்கொண்டு போனது, முருங்கை மரம் ஐந்தாம் மாடித் திருப்பத்தில் வேர் ஊன்றியது, தெருக்குழாய் லிஃப்ட் வாசலில் நின்றது, அதில் தண்ணீர் பிடிக்கிற வரிசையும் கூடவே வந்தது, மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கி ஒன்று, நாய்கள் நான்கு, எவன் வீட்டுக் கூரை எவன் பக்கம் நீண்டது என்கிற பழைய சண்டை ஒன்று, சலவைக்கல், சைக்கிள், செத்துப்போனவர்களின் செல்லப்பெயர்கள், எல்லாம் எட்டு மாடிப் படிகளிலும் இறங்கி, கதவு கதவாகப் புகுந்து, குழாய்களுக்குள் ஏறி, எங்களுக்குத் தெரியாத இரண்டாம் பிளாக் ஜனங்களின் கால்களையும் நனைத்துக்கொண்டு போய்க் கலந்தது. கப்பிகள் ஒவ்வொரு படியாகத் துள்ளி இறங்கின. கஸ்தூரி கணுக்கால் வரை தண்ணீரில் நின்று, குனிந்து ஒரு கை அள்ளி, முகர்ந்து பார்த்து, "தூ," என்றாள், கையை உதறாமல் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள். கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று அடுத்த நிமிஷமே போய்ப் பார்த்தாள், விழுந்தது.

பலகை விழுந்துவிட்டது. ரங்கண்ணன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நான் தேடினேன். பக்கம் என்று எதுவும் இல்லை. கூடத்தின் நடுவில், சுவரிலிருந்து தள்ளி, முட்டி வரை நனைந்த வேட்டியோடு நின்று, சுற்றிலும் பார்த்தார். அப்போது, கலவரத்தில் எவனோ மெயினை அணைத்துவிட்டான், பிளாக் முழுக்கக் கரண்ட் நின்றது.

"பம்ப் நின்னுச்சி!" என்று ஒரு கத்தல். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. "பம்ப் நின்னுச்சி, பம்ப் நின்னுச்சி, இன்னாங்கடா நின்னுகினு பாக்குறீங்க, எல்லாரும் தண்ணியக் கலக்குங்க!"

எல்லோரும் குனிந்து கலக்கினோம். நான் கலக்கினேன், கஸ்தூரி கலக்கினாள், இரண்டாம் பிளாக்கில் அந்தக் குரலை முன்பு கேட்டேயிராதவர்கள் கலக்கினார்கள், சபாநாயகத்தோடு வந்த ஆட்களில் ஒருவன் தன்னை அறியாமல் குனிந்து இரண்டு கையாலும் கலக்கிக்கொண்டிருந்தான். மற்றவன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை, வானம்தான் இருந்தது.

"எதை சார் இறக்கணும்?" என்று கேட்டான்.

சபாநாயகம் வராந்தாவைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், நனைந்த தன் பூட்ஸைப் பார்த்தார். எது அவர் கட்டிய சுவர், எது எங்கள் சுவர் என்று கையை வைத்துத் தடவிப் பார்த்தார். நவமணியக்கா ஜன்னலிலிருந்து குதித்து, தலைமுடியை உதறி முடிந்துகொண்டு, அவர் எதிரே வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் ஏன் சார் காத்துகினு," என்றாள். "எங்க தண்ணி எது, உங்க தண்ணி எதுன்னு இப்பவே பிரிச்சிப் பாருங்க. பிரிச்சி, உங்களுது எதுவோ அத்த மட்டும் எடுத்துக்கினு கெளம்புங்க."